ஏன் என்று கேட்பவன்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறிவிட்டு, அப்படியே நான் பிறந்த பொதட்டூர்பேட்டைக்குத் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவெல்லாம் விசைத்தறிகளின் ஓயாத சப்தம். அதன் நடுவே திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான் தமக்கை மகன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு உத்தியோகம்.

"என்னடா எழுதுகிறாய்?" என்றேன்.

"படங்களைத் திருத்துகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு ஒரு செய்முறைக் குறிப்பு, மாமா."

"யார் படிப்பதற்கு?"

"மனிதர்கள் படிப்பதற்கு இல்லை. இன்னொரு மென்பொருள் படிப்பதற்கு."

எனக்கு விளங்கவில்லை. பொறுமையாகச் சொன்னான். நமக்காக வேலைகளைச் செய்து முடிக்கும் 'ஏஜெண்ட்' என்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒரு கருவியின் பெயர் என்ன, அது என்ன செய்யும், அதற்கு எதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தால், அவை அதைப் படித்துத் தாமே அக்கருவியை எடுத்துப் பயன்படுத்தும். இப்படிக் கருவிகளை இணைப்பதற்கென்றே 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது ஏற்பாடு ஒன்றை வெளியிட்டதாம்.

"நம் ஜக்கார்டு அட்டை மாதிரி என்று சொல்" என்றேன்.

1804-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு அமைத்த தறி, அட்டையில் துளை இருந்தால் பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் தலையை ஆட்டினான்.

"அட்டையில் இல்லாததைத் தறி செய்யாது, மாமா. இது எழுதாததையும் ஊகித்துச் செய்துவிடும். மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் குறித்துக் கொடுத்தாலும் சில வேளை எல்லை தாண்டும். புடவையின் நிறத்தை மாற்றச் சொன்னால் முகச் சாயலும் கொஞ்சம் மாறிவிடக்கூடும். அதனால்தான், 'அசல் படத்தின் மேல் எழுதாதே, வேறு பிரதியாக வை' என்று முதலிலேயே எழுதுகிறேன்."

அசல் என்ற சொல்லைக் கேட்டதும் என் கண் கூடத்துச் சுவருக்குப் போயிற்று. அங்கே எங்கள் குடும்பப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது தறிப் பங்கு விவகாரத்தில் என் தகப்பனாருக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று. அந்தப் படத்திலிருந்து தம்பியை எடுத்துவிட்டுப் பெரிதாக்கித் தரும்படி கேட்கத் தகப்பனார் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். நெகடிவில் பென்சில் கொண்டு 'டச்சிங்' செய்கிற பெரியவர் அவர். முகத்து வடுவை மறைப்பார். மங்கிய கண்ணுக்கு ஒளி கொடுப்பார். எதற்கும் யாரையும் காரணம் கேட்டதில்லை. அன்று மட்டும் கேட்டார்: "ஏன்?"

தகப்பனார் பதில் சொல்லவில்லை.

"சரி, அவர் நின்ற இடத்தில் நான் எதை வைக்கட்டும்?" என்று மறுபடியும் கேட்டார் பெரியவர்.

தகப்பனார் படத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். சித்தப்பாவோடு அவர் சமாதானம் ஆகவேயில்லை. ஆனால் படம் முழுதாக இருக்கிறது.

பெரியவரின் அந்த இரண்டாவது கேள்விக்கு இன்றைய கருவியிடம் பதில் இருக்கிறது. சித்தப்பா நின்ற இடத்தில் சுவரையும் வேப்ப மரத்தையும் தானே வரைந்து நிரப்பிவிடும். அங்கே ஒருவர் நின்றிருந்தார் என்று சந்தேகப்படக்கூடத் தோன்றாது. முதல் கேள்விக்குத்தான் அதனிடம் ஒன்றுமில்லை, நாம் எழுதி வைத்தாலொழிய.

நான் இதைச் சொன்னதும் அவன், "எல்லாவற்றுக்கும் ஏன், ஏன் என்று கேட்டால் இதை யார் உபயோகிப்பார்கள்? கிழிந்துபோன தாத்தா படத்தை ஒட்டித் தரச் சொல்லும் பாட்டியையும் விசாரிப்பதா? மேலும், கேட்டால் பொய் சொல்லிவிட்டுப் போகிறார்கள்" என்றான்.

அவன் சொன்னது நியாயம். எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்பது தர்மமாகாது. அது வெறும் இடைஞ்சல். அந்தப் பெரியவரும் வடுவை மறைக்கக் காரணம் கேட்கவில்லை. எங்கே கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிவை ஒற்றை வாக்கியத்தில் எழுதிக் கொடு என்றால், இத்தனை நாவல்கள் எழுதிய என்னாலேயே முடியவில்லை.

ஆனால் பொய்யைப் பற்றி அவன் சொன்னதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். கேள்வியின் பயன் பதிலில் மட்டுமா இருக்கிறது? பொய் சொல்லித்தான் ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்கிறபோது, தான் செய்வது இன்னதென்று மனிதனுக்குத் தெரிந்துவிடுகிறது. என் தகப்பனார் பொய் சொல்லத் தெரியாதவர் அல்லர். அந்தக் கேள்வியில் தம்மையே அவர் ஒரு கணம் பார்த்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. கேட்காமலே செய்து கொடுக்கிற ஏவலாள் அந்த ஒரு கணத்தை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறான். நாமோ அதைச் சௌகரியம் என்கிறோம்.

அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு ஒரு வரியைச் சேர்த்து எனக்குப் படித்துக் காட்டினான்: 'படத்திலிருந்து ஒரு மனிதரை நீக்கச் சொன்னால், செய்வதற்கு முன் சொன்னவரிடம் காரணம் கேள்.'

"போதுமா, மாமா?"

போதாது என்று எனக்குத் தெரியும். எழுதி வைத்த வரி மனச்சாட்சி ஆகிவிடாது. ஆனாலும், எழுதாமல் விட்டிருந்தால் அதன் பழி கருவியைச் சேராது, எழுதியவனைத்தான் சேரும். அந்த மட்டிலும் அவன் தன் கடனைச் செய்துவிட்டான் என்று எனக்குப் பட்டது.