பிள்ளையின் காதும் பெற்றோரின் பயமும்



இந்த மாதம் வழக்கமான எழுப்புதல் செய்தியை விட்டுவிட்டு வேறொரு காரியத்தை எழுதும்படி உள்ளத்தில் பாரம் உண்டானது. ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் வீட்டுக் கூட்டம் முடிந்து காபி கொடுக்கிற நேரத்தில், இளம் தாய்மார்கள் ஓரமாக வந்து கேட்கிற கேள்வி இது. "பாஸ்டர், பிள்ளைக்குக் காதுல சீழ் வடியுது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்காரு. அதைக் கொடுத்தா ஆட்டிசம் வந்துடும்னு போன்ல ஒரு செய்தி வந்துச்சு. மருந்து கொடுக்கலாமா, இல்ல ஜெபம் மட்டும் பண்ணிட்டு விட்டுடலாமா?"

இதில் பாதி டாக்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்தப் பாதியை நான் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. மறுபாதி மனச்சாட்சியின் கேள்வி. பயத்தினால் எடுத்த முடிவுக்கு விசுவாசம் என்று பேர் வைக்கலாமா? செய்ததற்குக் கணக்குக் கேட்கிற தேவன், செய்யாமல் விட்டதற்கும் கேட்பாரா? பிரியமானவர்களே, இந்தப் பாதியை மேய்ப்பன் டாக்டரிடம் தள்ளிவிட முடியாது.

முதலில் காதைப் பற்றிக் கொஞ்சம். நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். கைக்குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். அதனால்தான் சளி பிடித்த பிள்ளைக்கு அடுத்த நாளே காது வலிக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்துப் பாட்டிலிலோ பாலாடையிலோ பால் புகட்டினால் பாலும் அந்த வழியே போகப் பார்க்கும். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் புகட்டுங்கள். குளிப்பாட்டும்போது காதில் ஊதுவது, பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை ஊற்றுவது, இதையெல்லாம் நம் பாட்டிமார் அன்பினால்தான் செய்தார்கள். ஆனாலும் சீழ் வடிகிற காதுக்குள் எதையும் ஊற்றக் கூடாது. சீழ் வெளியே வருகிறதென்றால் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காதில் தண்ணீர் போனாலும் மறுபடி வடிய ஆரம்பிக்கும். (காவேரியில் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களில் காதில் ஓட்டை உள்ளவர்கள் முன்னமே சொல்லிவிடுங்கள். வாசலின் தடவின பஞ்சை வைத்துக்கொண்டு முழுகலாம். அதனால் ஞானஸ்நானம் ஒன்றும் குறைந்துபோகாது!)

காது வலி வந்தவுடனே எல்லாப் பிள்ளைக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நல்ல டாக்டர்களும் சொல்வதில்லை. இரண்டு வயது தாண்டின பிள்ளை, ஒரே காது, லேசான வலி என்றால் வலிக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் கவனித்துப் பார்க்கலாம் என்பார்கள். அநேகம் பிள்ளைகளுக்குத் தானாகவே ஆறிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, கடுமையான காய்ச்சல், இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, காதிலிருந்து சீழ் வடிதல் என்றால் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். பெனிசிலின் 1928-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1940-களில்தான் மக்கள் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் காதில் தொடங்கின சீழ் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பை அரித்து, மூளைவரைக்கும் போய்ப் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறது. நம் தேசத்தில் வருஷக்கணக்காகக் காது வடிந்து, காது மந்தமாகி, வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து "மக்கு" என்று பேர் வாங்கின பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1998-ல் லண்டனில் ஒரு டாக்டர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதுபோல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 2010-ல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய டாக்டர் பதிவும் பறிபோனது. ஆனால் திரும்பப் பெற்ற செய்தி நம் ஊருக்கு வந்து சேரவில்லை. பயம் மட்டும் வந்து சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி பிள்ளைகளுக்குப் போட வேண்டியது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் பார்த்துவிட்டு எத்தனையோ பெற்றோர் அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அரசாங்கம் முகாமின் நாட்களை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஊசியின் மேல் இருந்த சந்தேகம் இன்றைக்கு சிரப் பாட்டிலின் மேல் வந்திருக்கிறது.

நியாயமாய்ச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் பற்றின கேள்வியை எழுப்பினவர்கள் எல்லாரும் பொய்யர்கள் அல்ல. இந்த மருந்து கெட்ட கிருமியோடு குடலில் உள்ள நல்ல கிருமியையும் கொல்லுகிறது. அதனால்தான் சில பிள்ளைகளுக்கு வயிற்றாலே போகிறது. அப்படியானால் மூளை வளர்ச்சியையும் தொடுமோ என்று ஆராய்ச்சியாளர்கள் யோக்கியமாகவே கேட்டார்கள். சில ஆய்வுகளில் சிறு தொடர்பு தெரிந்ததும் உண்மை. ஆனால் கானடாவில் மானிட்டோபா என்ற மாகாணத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தை வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் வயதில் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அதிகமாக வரவில்லை. பின்னே அந்தச் சிறு தொடர்பு எப்படி வந்தது? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் காது நோய் அடிக்கடி வருவதாகப் பல ஆய்வுகள் சொல்லுகின்றன. அடிக்கடி வந்தால் அடிக்கடி மருந்து. மழைக்காலத்தில் குடை அதிகம் தென்படுகிறது என்பதற்காகக் குடையினால்தான் மழை வருகிறது என்போமா?

இன்னொன்றும் உண்டு. காது நோய் அதிகமாக வருவது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லையே, வந்த ஒன்றிரண்டு வார்த்தையும் நின்றுபோச்சே என்று தாய் கவனிக்கிறதும் ஏறக்குறைய அதே வயதில்தான். இரண்டும் ஒரே வருஷத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்களே, இந்த ஆட்டிசத்தை லியோ கானர் என்ற டாக்டர் அமெரிக்காவில் 1943-ல் எழுதி வைத்தார். அவர் பார்த்த 11 பிள்ளைகளும் பெனிசிலின் வீடுகளுக்கு வருமுன்னே பிறந்தவர்கள்.

இப்போது இருதயத்துக்கு வருவோம்.

யோவான் 9-ம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்தவுடன் சீஷர்கள் என்ன கேட்டார்கள்? அவனை எப்படி நடத்துவது என்று கேட்கவில்லை. யார் செய்த பாவம், இவனா இவன் பெற்றோரா என்றுதான் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிப்போட்டார். நம் ஜனங்கள் இன்றைக்கு அதே கேள்வியை வேறு உடுப்பில் கேட்கிறார்கள். "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே? என்ன மருந்து கொடுத்தே? ஊசி போட்டியா?" ஒரு காலத்தில் தாயின் பாசக் குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று டாக்டர்களே எழுதினார்கள்! அது தவறு என்று தெளிவாகுமுன்னே எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்? பெரும்பாலும் பிறப்புக்கு முன்னே, பரம்பரைக் கூறுகளோடு தொடங்குகிற ஒரு காரியத்துக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையின் காய்ச்சலைப் பார்த்து சிரப் கொடுத்த தாயைக் குற்றவாளியாக்குவது பாவம். ஆம், பாவம் என்றே எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கிற தாயின் காதில் இந்த வாட்ஸ்அப் செய்தி எப்படி விழும் என்று, அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் யாராவது யோசித்தோமா?

"பாஸ்டர், நம்ம முன்னோர்கள் மருந்தே தொடலியே" என்று சிலர் சொல்லுகிறார்கள். உண்மைதான். பெந்தெகொஸ்தே பரிசுத்தவான்கள் அநேகர் மருந்து தொடாமல் கர்த்தரையே பரிகாரியாகக் கொண்டு வாழ்ந்தார்கள். அவர்களுடைய சாட்சியை நான் கனம் பண்ணுகிறேன். ஆனால் கவனியுங்கள், அவர்கள் பலிபீடத்தில் வைத்தது தங்கள் சொந்த சரீரத்தை. பதினாலு மாதக் குழந்தைக்குச் சம்மதம் சொல்ல வாய் இல்லை. கேட்காமல் போனால் அவன் காது கேட்காமல் போகும். உங்கள் காது அல்ல. ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுக்கலையா என்று கேட்பீர்களானால், ஆபிரகாமோடு தேவன் நேரடியாகப் பேசினார். உங்களுக்கு வந்தது போனில் வந்த செய்தி! அந்தச் சம்பவத்திலும் பிள்ளையின் மேல் நீட்டின கையைத் தடுத்தவர் தேவன்தானே.

ஆசா ராஜாவையும் எடுத்துக் காட்டுகிறார்கள் (2 நாளாகமம் 16). அவன் குற்றம் வைத்தியரிடம் போனதா? வியாதியிலும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மாத்திரம் தேடினதுதான். எசேக்கியாவைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 20). சுகமாவாய், பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்ற வாக்குத்தத்தம் முதலில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் வைக்கச் சொன்னான். வாக்குத்தத்தமும் பற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்த ஆட்டிசம் செய்தி போனில் வராமலே இருந்திருந்தால், டாக்டர் கொடுத்த மருந்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்களா? இல்லை என்றால், இப்போது நீங்கள் வேண்டாம் என்பது விசுவாசத்தினால் அல்ல. பயம் விசுவாசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பயத்தைப் பயமாகவே ஆண்டவர் முன் வைக்கலாம், தப்பில்லை. மாற்கு 9-ல் ஒரு தகப்பன் தன் அவிசுவாசத்தை மறைக்காமல் கண்ணீரோடு சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளாமல் மகனைத் தூக்கி நிறுத்தினார்.

மறுபக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயமே இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் போய் "காதுவலிக்கு ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்று வாங்குகிறது, அண்ணனுக்கு வாங்கி மீந்த சிரப்பைத் தம்பிக்கு ஊற்றுகிறது, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் தானாகவே நிறுத்துகிறது, இதுவும் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்தான். அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் பழகிவிடும் என்று, பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே எச்சரித்தார். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016 முதல் அரசாங்கமே சொல்லுகிறது. உங்கள் வீட்டில் பழகின கிருமி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போகும். அயலானை நேசிப்பது இதிலும் உண்டு.

டாக்டரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். "இது இப்பவே கொடுக்கணுமா, இரண்டு நாள் பார்க்கலாமா? எத்தனை நாள் கொடுக்கணும்? எப்போ திரும்பக் கூட்டிட்டு வரணும்?" என்று பொறுமையாய்க் கேளுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, பிள்ளை மயங்கிக் கிடந்தாலோ, கழுத்து விறைத்தாலோ உபவாச ஜெபம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம். புத்தூர் அரசு மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். ஆட்டோவில் போய்க்கொண்டே ஜெபிக்கலாம். பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையென்றால் எந்த முடிவுக்கும் வருமுன்னே காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். நடுக்காதில் நீர் கோர்த்துக்கொண்டு சத்தம் சரியாக விழாத பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாது. ஆட்டிசத்துக்குப் பயந்து சீழைக் கவனிக்காமல் விட்ட வீட்டில், காது மந்தமான பிள்ளையையே ஆட்டிசம் என்று நினைத்துக் கலங்குகிற நிலைமையும் வரலாம். மெய்யாகவே ஆட்டிசம் என்றாலும், சீக்கிரம் பயிற்சி ஆரம்பிப்பது நல்லது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே பார்ப்பதற்கென்று 2013 முதல் அரசுத் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள்.

சுகவீனமான பிள்ளையைச் சபைக்குக் கொண்டுவாருங்கள். யாக்கோபு 5-ன்படி மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்போம். எண்ணெய் நெற்றியில்தான், காதுக்குள் அல்ல! மாற்கு 7-ல் நம் ஆண்டவர் செவிடனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டுபோய்த்தான் அவன் காதுகளில் விரல்களை வைத்தார். ஏன் தனியே என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் நம் சபையில் ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வருகிற குடும்பத்தைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வருகிறது. ஆராதனையில் டிரம்ஸ் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுவான். சிலர் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள், சிலர் "பிசாசு" என்று முணுமுணுப்பார்கள். வருகிற ஞாயிறு முதல் வலது பக்கத்து ஸ்பீக்கர் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சத்தத்தைப் பாதியாகக் குறைக்கும்படி இசைக்குழுத் தம்பிமாருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்துக் கடைசி இரண்டு வரிசை அந்தக் குடும்பத்துக்கும், காது வலியோடு வருகிற சின்னப் பிள்ளைகளுக்கும்.