வரம்பு யாருக்கு?

அதிகாரம் உடையவன் தன் அதிகாரத்துக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ள முடியுமா? தனிமனித வாழ்வில் இக்கேள்விக்கு நம் முன்னோர் சங்கல்பம், விரதம், புலனடக்கம் ஆகியவற்றின் வழியே விடை கண்டனர். வயிறு நிறைந்திருக்கும்போது ஏகாதசி விரதத்தை ஏற்பது எளிது. மறுநாள் பசி எடுக்கும்போதுதான் சங்கல்பத்தின் உறுதி தெரியவரும். ஒரு தேசமே இத்தகைய விரதத்தை எழுத்து வடிவில் ஏற்றால் என்ன நிகழும்? அமெரிக்க அரசியல் சாசனத்தின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. அது பெருமைக்கு உரிய வரலாறு, வெட்கத்துக்கு உரியதும்கூட.

1787-ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் நடந்த மாநாட்டில் 55 பிரதிநிதிகள் பங்கேற்றனர். பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியிலிருந்து போரிட்டு விடுபட்டவர்கள் அவர்கள். விடுதலைக்குப் பின் அமைந்த முதல் கூட்டமைப்போ வரி விதிக்கவும் வலிமையற்றதாக இருந்தது. ஆகவே வலிமையான மத்திய அரசு தேவைப்பட்டது. ஆனால் லண்டனில் இருந்த மன்னரைத் துரத்திவிட்டுத் தம் வீட்டிலேயே வேறொரு மன்னரை வளர்க்கவும் அவர்களுக்கு விருப்பமில்லை. வரி விதித்தல், நாணயம் வெளியிடுதல், அஞ்சல் நிலையங்கள் நிறுவுதல், போர் அறிவித்தல் எனச் சட்டமன்றத்தின் அதிகாரங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டனர். மத்திய அரசிடம் ஒப்படைக்கப்படாதவை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்பதை 1791-இல் சேர்ந்த பத்தாவது திருத்தம் உறுதிப்படுத்தியது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரே ஊற்றைச் சுட்டுபவர்கள் அவசரப்படுகிறார்கள் என்றே தோன்றுகிறது. இங்கிலாந்து மன்னர் 1215-இல் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா, ஜான் லாக்கின் இயற்கை உரிமைச் சிந்தனை, அதிகாரங்களைப் பிரித்து வைக்கச் சொன்ன பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூவின் நூல், ரோமக் குடியரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஆகிய அனைத்தும் அங்கே கலந்தன. மாநாட்டுக்கு முந்தைய ஆண்டில் ஜேம்ஸ் மேடிசன் பழைய கிரேக்கக் கூட்டமைப்புகள் ஏன் சிதைந்தன என்பதை நூல்களில் தேடிக் குறிப்பெடுத்தார். அந்நூல்களில் பலவற்றைப் பாரிஸிலிருந்து அனுப்பியவர் தாமஸ் ஜெபர்சன். மேடிசன் பயின்ற கல்லூரியின் தலைவர் ஜான் விதர்ஸ்பூன் ஒரு பிரெஸ்பிடேரியன் போதகர். மனித இயல்பு எளிதில் வழுவக் கூடியது என்ற சமய நம்பிக்கையும் அவ்வழியே அந்த மாணவரை அடைந்தது. ஆட்சியாளரின் நற்குணத்தை மட்டும் நம்பி அரசை அமைக்கலாகாது என்பதே இவை அனைத்தும் சேர்ந்து கற்பித்த பாடம்.

சாசனம் எழுதப்படுவதற்கு முன்பே அந்தப் பாடத்துக்கு ஒருவர் செயலால் உருவம் தந்திருந்தார். வெற்றி பெற்ற படையின் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் 1783 டிசம்பர் 23 அன்று அன்னாபொலிஸ் நகரில் தமது பதவியைத் திருப்பி அளித்தார். பின்னர் குடியரசுத் தலைவராகி, இரண்டு முறை பதவி வகித்தபின் 1797-இல் தாமாகவே விலகினார். அவரைத் தடுக்க அப்போது எந்தச் சட்டமும் இல்லை.

ஜெபர்சனின் கதை வேறு. மத்திய அரசின் கைகளைக் கட்ட வேண்டும் என்று அவரைப்போல் வாதிட்டவர்கள் சிலரே. 1798-இல் அரசை விமர்சிப்போரைத் தண்டிக்கும் சட்டம் வந்தபோது, மத்திய அரசு எல்லை மீறிவிட்டது என்று கூறும் தீர்மானங்களைக் கென்டக்கி மாநிலத்துக்காக மறைவில் இருந்து எழுதித் தந்தவர் அவரே. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவர் குடியரசுத் தலைவராக இருந்தார். நெப்போலியன் லூசியானா நிலப்பரப்பை விற்க முன்வந்தார். விலை ஒன்றரைக் கோடி டாலர். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அந்நிய நிலத்தை வாங்கும் அதிகாரம் சாசனத்தின் பட்டியலில் இல்லை என்பது ஜெபர்சனுக்குத் தெரியும். அதற்கெனத் திருத்த வரைவுகளையும் அவர் எழுதினார். ஆனால் காலம் தாழ்த்தினால் நெப்போலியன் மனம் மாறக்கூடும் என்ற எச்சரிக்கை வந்தது. வரைவுகள் ஒதுக்கப்பட்டன, ஒப்பந்தம் 1803 அக்டோபரில் செனட்டின் ஒப்புதல் பெற்றது. தேசத்துக்கு நன்மைதானே என்று கேட்கலாம். அங்கே வாழ்ந்துவந்த பூர்வகுடி மக்களை எவரும் கேட்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் நோக்கம் நல்லது என்று ஒருவன் உறுதியாக நம்பும் கணமே அவனுடைய விரதத்துக்குச் சோதனைக் கணம். தீய நோக்கத்தோடு வரம்பு மீறுபவனை உலகம் அடையாளம் கண்டுகொள்ளும். நல்ல நோக்கம் உடையவனை அவனே கண்காணித்தால்தான் உண்டு.

ஆயினும் வரம்பு என்பதாலேயே அது தர்மமாகி விடுமா? வாஷிங்டன், ஜெபர்சன், மேடிசன் மூவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். அடிமை என்ற சொல்லையே 1787-இன் சாசனம் உச்சரிக்கவில்லை. சுற்றி வளைத்த சொற்களால் அதைக் காத்தது. மாநிலங்களின் உள்விவகாரத்தில் மத்திய அரசு தலையிடலாகாது என்ற கொள்கை தென் மாநிலப் பண்ணையார்களுக்கு அரணாக அமைந்தது.

அந்தக் கொள்கையில் அவர்களுக்கு இருந்த பற்று எத்தகையது என்பதை 1850-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிக்கொடுத்தது. தப்பி ஓடிய அடிமைகளை நாடெங்கும் பிடித்துத் தர மத்திய அரசின் அதிகாரிகளுக்கு அது ஆணையிட்டது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை. தம் சார்பில் அவர் சாட்சி சொல்லவும் கூடாது. அவரைத் திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். இந்தக் கணக்கைப் படிக்கும்போதே மனம் கூசுகிறது. இப்போது மாநில உரிமையைப் பேசியது வடக்கு. விஸ்கான்ஸின் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று கூறியது; 1859-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. 1860 டிசம்பரில் ஒன்றியத்தை விட்டு விலகிய தென் கரோலினா, தன் பிரகடனத்தில் அடுக்கிய குறைகளுள் ஒன்று, வட மாநிலங்கள் இந்த மத்தியச் சட்டத்துக்குக் கீழ்ப்படியவில்லை என்பது! மாநில உரிமைக்காகப் போர் மூண்டது என்று கூறுவோர் இந்த ஆவணத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

எனவே வரம்பை மதிப்பிட இரண்டு கேள்விகள் தேவைப்படுகின்றன. அதை வலியுறுத்துபவனையும் அது கட்டுகிறதா? அந்த வேலிக்குள் பாதுகாப்புடன் நிற்பவன் யார்? 1942-இல் தொடங்கி ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை மத்திய அரசு முகாம்களில் அடைத்தது. உச்ச நீதிமன்றமும் 1944-இல் அதற்குத் துணை நின்றது. அங்கே தளர்ந்த வேலி எளியவனைக் காக்க வேண்டிய வேலி. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதைத் தடுக்க மாநில ஆளுநர் படையை நிறுத்தினார். குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி அவர்களுக்கு வழிவிடச் செய்தார். அங்கே மாநில உரிமை என்ற வேலி எளியவனை வெளியே நிறுத்துவதற்காகவே போடப்பட்டிருந்தது. மத்திய அரசு எப்போதும் கொடியது என்றோ எப்போதும் இரட்சகன் என்றோ சொல்பவர்களுக்கு இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர விளக்குவது கடினம்.

சாசனத்தின் பெரும்பாலான வரம்புகள் அரசைக் கட்டுபவை. 1865-இல் சேர்ந்த பதின்மூன்றாம் திருத்தமோ மத்திய அரசையும் மாநிலங்களையும் மட்டுமன்றித் தனிமனிதரையும் கட்டுகிறது: எவரும் எவரையும் அடிமையாக வைத்திருக்கலாகாது. அடிமைத்தனம் என்ற சொல் சாசனத்தில் முதன்முறையாக இடம்பெற்றதும் அங்கேதான், அதை ஒழிப்பதற்காக. ஆனால் குற்றத்துக்கான தண்டனைக்கு அத்திருத்தம் விலக்கு அளித்தது. போருக்குப்பின் தென் மாநிலங்கள் பல, சிறு குற்றங்களுக்குச் சிறைப்பட்ட கறுப்பின மக்களைப் பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டது அந்த விலக்கின் நிழலில்தான். கொலராடோ மாநில வாக்காளர்கள் தங்கள் மாநிலச் சாசனத்தில் இருந்த அதே விலக்கை 2018-இல் வாக்களித்து நீக்கினர். நாட்டின் சாசனத்தில் அது நீக்கப்படவில்லை.