வாசல் மேடு

2015ஆம் ஆண்டு மழை கடலூர் மாவட்டத்தையே மூழ்கடித்ததே, வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மழை விட்டதும் நான் செய்த முதல் காரியம், நாலு வண்டி கிராவல் அடித்து வாசலை மேடாக்கியதுதான். அடுத்த மழைக்கு எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்குள்ள வரலைதானே, தம்பி?" என்று அக்கறையாய்க் கேட்டார்.

"இல்லைங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கேள்வி சென்ற மாதம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டது. கரை அரிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் தீர்ந்தது!" என்றார் உடன் வந்த நண்பர். அருகே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: "கல்லு போட்டா எங்க கரை நிக்கும், ஐயா. அலை சும்மா போவுமா? வடக்கால இருக்கிறவன் கரையைத் தின்னும்."

அவர் சொன்னது விஞ்ஞானம். நம் கரையோர மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அது வடக்கே நடக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். குறுக்கே கல் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கல் குவித்தார்கள். அரிப்பு வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. 2018இல் கடலுக்கடியில் எஃகுத் தடுப்பை இறக்கி, தூர் வாரிய மணலையும் கொட்டிய பிறகுதான் நகரின் முன்னே மீண்டும் மணல் தெரிந்தது.

இயற்கை வேறு வகையில் காவல் காக்கிறது. காற்று கொண்டுவரும் மணலை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைத்து மேடாக்குகின்றன. புயலடித்தால் மேடு தன்னையே கொஞ்சம் கரைத்துக் கடலுக்குக் கொடுத்து, ஊரைக் காக்கிறது. ஆனால் மேடும் விலை கேட்கும். அமெரிக்காவில் நியூஜெர்சி கரையில் அரசு மணல்மேடு எழுப்பியபோது, கடல் காட்சி மறைந்தது என்று ஒரு தம்பதியர் வழக்காடினார்கள். ஜூரிகள் 3,75,000 டாலர் ஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேடு தரும் பாதுகாப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2013இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. கடைசியில் வழக்கு ஒரு டாலரில் முடிந்தது!

எனக்கு இதில் ஒரு நியாயம் புலப்படுகிறது. கல்சுவர் தன் விலையை அடுத்த ஊரானிடம் வசூலிக்கிறது. மணல்மேடு நம்மிடமே கேட்கிறது. ஆனால் 'நாம்' என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். மாடியிலிருந்து கடல் பார்ப்பவர் காட்சியை இழப்பதும், மீனவர் படகு ஏற்றும் இடத்தை இழப்பதும் ஒரே இழப்பா? முன்னது அசௌகரியம், பின்னது பிழைப்பு. மேட்டுக்குப் பின்னால் பத்திரமாகத் தூங்கும் ஊரார்தாம் அந்தப் பிழைப்புக்கு வழிவிட வேண்டும், ஈடும் கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பைத் தேடுவது பாவமல்ல. அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் உள்ளே போய்விடுவதுதான் பாவம்.

இந்த ஐப்பசிக்குள் என் வாசல் மேட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டியாக வேண்டும். அதில் என் செம்பருத்திச் செடி போய்விடும். போகட்டும்.