விதியும் மருந்துச் சீட்டும்

மௌத்தான வீட்டில் ‘அல்லாஹ் நாடியது நடந்தது’ என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம். கத்ரை, அதாவது இறைவன் வகுத்த விதியை, நம்புவது ஈமானின் ஆறு அம்சங்களில் ஒன்று. அதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் அதே வார்த்தையை மருந்து எழுதிக் கொடுத்தவரும் சொல்லலாமா? திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சீட்டுகள் என் கையைக் கடந்துதான் போகின்றன. இந்தக் கேள்வியை விட முடியாதபடி செய்தவை அந்தச் சீட்டுகளே.

ஓர் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. இயந்திர வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆசிட்ரோம் சாப்பிட்டு, ரத்தம் உறையும் தன்மையைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனைக்கு மாதாமாதம் தவறாமல் வருவார். அவருக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும், நின்றது. ஒருமுறை வயிற்றுப்போக்கு என்று வேறொரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். மெட்ரோனிடசோல் எழுதினார்கள். இடுப்பு வலிக்கிறது என்றதும் டைக்ளோஃபெனாக் ஊசியும் போட்டார்கள். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிட்ரோமைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை மெட்ரோனிடசோல் தடுத்துவிடும். அதனால் வழக்கமான அளவே உடம்புக்குள் மிதமிஞ்சி வேலை செய்யும். ஒரு வாரத்துக்குள் மூளையில் ரத்தக்கசிவு.

மையித்தை அடக்கிவிட்டு வந்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவங்க ஹயாத்து அவ்வளவுதான் காக்கா” என்றார். அப்படிச் சொல்லி ஆறுதல் தேட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கிளினிக்கிலும் அதையேதான் சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆசிட்ரோமின் இனத்தைச் சேர்ந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்குக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பொருள் மாறவில்லை. அளவும், அந்த அளவைக் கண்காணிக்கும் சோதனையும், அதைப் புரிந்துகொண்டு எழுதும் ஒருவரும் சேர்ந்தபோதுதான் அது மருந்தானது. அந்த ஒருவருக்கு விவரம் தெரியாவிட்டால் நோயாளியின் கைக்குப் போவது என்ன?

‘அவர் நல்ல எண்ணத்தோடுதானே கொடுத்தார்’ என்பார்கள். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது எங்கள் மார்க்கத்தின் அடிப்படைதான். ஆனால் மருத்துவத்துக்கென்று தனியாக ஒரு ஹதீஸ் உண்டு, அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், விளைவுக்கு அவரே பொறுப்பு என்பது அதன் கருத்து. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னுல் கையிம், ‘ஸாதுல் மஆத்’ நூலில் இதை விரித்து எழுதியிருக்கிறார். கலையை அறிந்து, அனுமதி பெற்று, செய்ய வேண்டியதை முறையாகச் செய்த மருத்துவரின் கையில் நோயாளி இறந்தாலும் அவர்மேல் ஈடு கிடையாது. அறியாமல் கை வைத்தவர் தப்ப முடியாது. மருத்துவரை வாட்டும் சட்டமில்லை இது. உயிரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று அது கேட்கவில்லை, தெரிந்துகொண்டு செய் என்று மட்டும் கேட்கிறது. விளைவு இறைவன் கையில். கற்றுக்கொள்வது நம் கையில். கத்ரை இதைவிடச் சரியாக நான் எங்கும் புரிந்துகொண்டதில்லை.

பட்டம் பெற்றவர் எப்படி அறியாதவர் ஆவார் என்று கேட்கலாம். அறிவுக்கும் காலாவதித் தேதி உண்டு. ‘ரத்தச் சோதனையே வேண்டாம்’ என்று புது மாத்திரைகள் வந்ததும் வால்வு நோயாளிகளையும் சிலர் அவற்றுக்கு மாற்றுகிறார்கள். இயந்திர வால்வு வைத்தவர்களுக்கு அவற்றில் ஒன்றான டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரத்தக்கட்டியும் கூடியது, கசிவும் கூடியது. அந்த முடிவு 2013இலேயே வெளியாகிவிட்டது. ருமாட்டிக் இதய நோயோடு சீரற்ற துடிப்பும் உள்ளவர்களில், இன்னொரு புது மாத்திரையான ரிவராக்சபானைவிட, வார்ஃபரின் போன்ற பழைய மருந்து சாப்பிட்டவர்களிடமே இறப்பு குறைவு என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. இதைப் படிக்காமல் சீட்டு எழுதும் பேனா எந்தப் பட்டத்தின் பேரில் எழுதுகிறது?

நோன்பு மாதம் வந்தால் இன்னொரு கவலை. புது மாத்திரைகளில் அபிக்சபானை ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிட வேண்டும். ‘காலை, இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தால், நோன்பாளி காலை வேளையைத் தானாகவே விட்டுவிடுகிறார். சஹர், இஃப்தார் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ரிவராக்சபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பு முழுதாக ஏற்கும். நோயாளியின் இபாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் மருத்துவ அறிவில் சேர்ந்ததுதான்.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் ஊசியும் அப்படித்தான். பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்துதான் எடுக்கிறார்கள். இது எதிலிருந்து செய்தது என்று குடும்பத்தார் கேட்கும்போது பதில் தெரியாமல் விழித்த மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகும் என்பது தெளிவான சட்டம். இதைச் சொன்னதும் தயங்காமல் சம்மதித்தவர்களே அதிகம். ஆனாலும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டியவர் நோயாளி. அவருக்குத் தெரியாமல் அவர் சார்பில் மருத்துவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோண்டாபரினக்ஸ் போலச் செயற்கையாகத் தயாரிக்கும் மருந்து இருக்கிறது என்பதும், அது யாருக்குப் பொருந்தும் என்பதும் தெரிந்தால்தானே அவரிடம் பேச முடியும்?

எல்லாம் தெரிந்தவராக இருங்கள் என்று யாரையும் கேட்கவில்லை. மதீனாவின் இமாம் மாலிக்கிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்டார்களாம். 32க்கு ‘எனக்குத் தெரியாது’ என்றாராம். அவருடைய மதிப்பு அதனால் குறையவில்லை. ஆகவே மருத்துவப் பெருமக்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: பேனாவை எடுக்கும் முன், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால், எழுதப்போகும் மருந்து அதோடு சேருமா என்று பாருங்கள். நிச்சயமாகத் தெரியாவிட்டால், வால்வு வைத்த மருத்துவருக்கோ எங்களைப் போன்ற மருந்தாளுநருக்கோ ஒரு போன் போடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்போம்.