நாளுக்கு உரியவர் யார்?

குறித்த ஒரு திகதியில் வெவ்வேறு ஆண்டுகளிலே நிகழ்ந்த பெருநிகழ்ச்சிகளை ஒருங்கு திரட்டி, ‘வரலாற்றில் இன்று’ என நிரல்படுத்திக் காட்டும் வழக்கம் பத்திரிகைகளிலும் வானொலியிலும் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. மன்னனொருவனின் முடிசூட்டு, கப்பலொன்றின் அழிவு, கவிஞனொருவனின் பிறப்பு ஆகியன அங்கே அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். அவற்றிடையே உள்ள உறவு யாதென எவரும் வினவுவதில்லை. வினவப்புகின், காலக்கணிதம் பற்றியதாகத் தொடங்கும் அவ்வினா அறம் பற்றியதாக மாறிவிடுவதைக் காணலாம்.

முதற்கண், ‘ஒரே நாள்’ என்பதே அத்துணை உறுதியான பொருளன்று. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் வீட்டுச் சுவரிலே தொங்கும் நாட்காட்டியின் தாளொன்றை நோக்குக. ஆங்கிலத் திகதி, தமிழ்த் திகதி, திதி, நட்சத்திரம் யாவும் அத்தாளிலே நெருங்கி நிற்கும். அலுவலகம் செல்பவருக்கு முதலாவது வேண்டும். தந்தைக்குத் திவசம் கொடுப்பவருக்குத் திதி வேண்டும். எனவே, தந்தை மறைந்த நாள் ஒரே வீட்டில் இரண்டாக இருத்தல் கூடும். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்திலேனும் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் உடன்படுகின்றனவா எனின், அதுவும் இல்லை. உலக வரலாற்றிலும் இத்தகைய மயக்கம் உண்டு. யப்பானியப் படைகள் மலாயாவின் கோத்தா பாருக் கரையில் இறங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. ஆயினும் முன்னது 1941 டிசம்பர் 8 என்றும், பின்னது டிசம்பர் 7 என்றும் பதிவாகியுள்ளன. திகதிக்கோடு இடையிற் கிடந்தமையால், முந்திய நிகழ்ச்சி பிந்திய திகதியைப் பெற்றது.

இனி, மெய்யாகவே ஒரே நாளில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்ளலாம். 1782 ஏப்ரல் 12 ஆம் நாள், திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் என்னும் சிறுதீவின் அருகில், சுஃப்ரென் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸ் தலைமையிலான ஆங்கிலக் கப்பற்படையும் பொருதின. இரு பக்கத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெற்றி எவருக்கும் உறுதியாகவில்லை. அதே நாளில், பூமியின் மறுபுறத்திலே, கரீபியன் கடலில் சென்ற் தீவுகளருகே அவ்விரு நாட்டினரின் வேறிரு கப்பற்படைகள் மோதின. அங்கே பிரெஞ்சுத் தளபதி த கிராஸ் சிறைப்பட்டான். ஒரே போர், ஒரே பகைவர், ஒரே நாள். எனினும் திருகோணமலைக் கடலில் இறந்தவன் கரீபியன் கடலில் இறந்தவனை அறியான். அவ்விரு மரணங்களையும் ஒரு நாளில் வைத்துக் காண்பவன் பின்வந்த வரலாற்றாசிரியனே. செய்தி கப்பலேறி வந்த அக்காலத்தில் இவ்வறியாமை கொடியதாகவும் இருந்தது. 1783 சனவரியில் ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதலுடன்படிக்கை கைச்சாத்தாகிவிட்டது. அதே சுஃப்ரெனும் அதே ஹியூஸும் அவ்வாண்டு யூன் 20 ஆம் நாள் கடலூருக்கு அப்பால் மீண்டும் போரிட்டனர். ஏட்டின்படி முடிந்துவிட்ட போரிலே மனிதர் மடிந்தனர். அவர்களுடைய நாள் இலண்டனிலும் பாரிசிலும் நடந்துகொண்டிருந்த நாளன்று.

1942 ஏப்ரல் 9 ஆம் நாளும் இத்துறைமுகத்துக்கு உரியது. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் அன்று காலை திருகோணமலையையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது மோதியது. மூண்ட தீ பல நாள் எரிந்தது. முந்திய இரவு துறைமுகத்தை விட்டகன்ற ‘ஹெர்மஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்தோருள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மீளவில்லை. அதே நாளில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பத்தான் தீவக்குறையில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படைகள் யப்பானியரிடம் சரணடைந்தன. கைதிகளின் மரண நடை தொடங்கிற்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து அச்சிடும் பட்டியலுக்கு நியாயம் உண்டு: இரண்டுக்கும் பின்னால் ஒரே போர் நின்றது. ஆனால் 1865 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தளபதி லீ சரணடைந்ததும் ஏப்ரல் 9 ஆம் நாளே எனப் பட்டியல் தொடர்ந்துரைக்குமாயின், அங்கே எஞ்சுவது எண் மட்டுமே. எண்ணின் ஒற்றுமையில் ஊழின் கையைக் காண்பது சுவையான பொழுதுபோக்கு. அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

திகதி அறத்தொடு தொடர்புறுவது மனிதர் அதனைத் தெரிந்தெடுக்கும்போதுதான். 1947 ஓகஸ்ட் 15 இந்தியாவின் விடுதலை நாளாயிற்று. யப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதனாலேயே அந்நாளைத் தெரிந்ததாக மவுண்ட்பேற்றன் பிரபு பின்னர் கூறினார். ஒருவரின் போர்வெற்றி நினைவு கோடிக்கணக்கான மக்களின் பிறந்தநாளாகிவிட்டது. மாறாக, 1930 சனவரி 26 இல் பூரண சுயராச்சிய நாளைக் கொண்டாடியோர், அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு 1950 இலே அதே திகதியைத் தாமே வைத்துக்கொண்டனர். முன்னது அளிக்கப்பட்ட நாள். பின்னது எடுத்துக்கொள்ளப்பட்ட நாள். இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு 1948 பெப்ரவரி 4 அளிக்கப்பட்டது. சிங்களம் மட்டும் சட்டம் 1956 யூனில் நிறைவேறியது. அவ்வாண்டு ஓகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையிலேயே கூடிற்று. 1957 பெப்ரவரி 4 ஆம் நாளைத் துக்க நாளாகக் கொள்ளுமாறு அக்கட்சி அழைப்பு விடுத்தது. அன்று திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கருங்கொடி ஏற்ற முயன்ற நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் 1957 ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் ஒரே திகதியில் அமைந்தது தற்செயலன்று. முன்னது இல்லையேல் பின்னது அந்நாளில் நிகழ்ந்திராது.

இங்கு எழும் தடை ஒன்றுண்டு. ஒரு மக்கட் கூட்டத்தார் மகிழும் நாளைத் துக்கத்துக்குத் தெரிந்தெடுத்தல் அவர்தம் மகிழ்ச்சியைக் குலைக்கும் செயலன்றோ? ஆண்டில் வேறு நாள்களா இல்லை? இத்தடை மேலோட்டமாக நோக்குமிடத்து வலிமையுடையதே. ஆயினும், பெப்ரவரி 3 ஆம் நாள் ஏற்றப்படும் கருங்கொடி வெறும் கருந்துணியாகவே இருந்திருக்கும். மறுநாள் ஏற்றப்படுமிடத்து அது ஒரு வாக்கியமாகின்றது: ‘இந்நாள் எமக்கும் உரியதாக இருந்திருத்தல் வேண்டும்.’ நாளொன்றை முற்றாக வெறுப்பவன் அன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருப்பான். அதே நாளில் வீதிக்கு வந்து துக்கம் காப்பவனோ அந்நாளின்மேல் தனக்குள்ள பங்கைக் கேட்கின்றான். கேட்பவனைப் பகைவனாகக் கொள்ளும் அரசு அவ்வாக்கியத்தின் முற்பாதியையே படித்ததாகும்.

துக்கம் காப்போர்க்கும் ஒரு கடப்பாடு உண்டு. விடுதலை நாளில் உண்மையாகவே மகிழும் சிங்கள உழவனொருவன் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவன் அல்லன். அவன் மகிழ்ச்சியைக் குற்றமாகக் கொள்ளின், கருங்கொடி தன் பொருளை இழந்துவிடும். இரு சாராரும் ஒரே கடைத்தெருவில் மீன் வாங்கும் திருகோணமலை போன்ற ஊரில் இது ஏட்டுச் சிக்கலன்று.

எவரும் தெரிந்தெடாத நாளும் இவ்வூருக்கு உண்டு. 2004 டிசம்பர் 26 போயா விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். அன்று வந்த ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என வேறுபாடின்றி உயிர்களைக் கொண்டுசென்றது. அந்நாளின் இரு நிமிட மௌனத்தைப் பகிர்ந்துகொள்வதில் எவருக்கும் இடர்ப்பாடில்லை. காரணம் வெளிப்படை: அங்கே குற்றவாளி இல்லை. கடலிடம் எவரும் மன்னிப்புக் கேட்பிப்பதில்லை. குற்றமும் கேள்வியும் உள்ள நாளைப் பகிர்தலே அரிது.

அரிதெனினும் அது முயலப்படாமலில்லை. 2016 பெப்ரவரி 4 ஆம் நாள், 1949 இற்குப் பின் முதன்முறையாக, அரச சுதந்திர விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. சட்டத்தையோ எல்லையையோ அது மாற்றவில்லை; ஒரு பாடல் சில நிமிடம் இசைக்கப்பட்டது, அவ்வளவே. ஆயினும் 1957 ஆம் ஆண்டின் கேள்விக்கு விழா மேடையிலிருந்து வந்த விடைகளுள் அதுவும் ஒன்று. 2020 பெப்ரவரி 4 ஆம் நாள் விழாவில் அது மீண்டும் சிங்களத்தில் மட்டுமே ஒலித்தது.