நாகசேனரின் தேரும் போர்க்கால ஜீப்பும்

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைக் கட்டின. வில்லிஸ் நிறுவனம் 1941-இல் ஏற்ற ஒப்பந்தத்தின்படி ஒரு வண்டியின் விலை சுமார் 739 டாலர். போர்முனையில் தாங்கும் வரை தாங்கினால் போதும் என்று விரைவாகக் கட்டப்பட்ட அவ்வண்டிகளில் எஞ்சியவற்றைக் கொட்டில்களிலிருந்தும் பழைய இரும்புக் கிடங்குகளிலிருந்தும் தேடியெடுத்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே மீட்டமைக்க, இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் அந்த விலையைப் போலப் பல மடங்கு பணத்தையும், அதனினும் அருமையான ஓய்வு நேரத்தையும் செலவிடுகின்றனர். விற்றால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது என்பதை அறிந்தே செய்யும் செலவு இது. எனவே இதை முதலீடாகவும் கொள்ள முடியாது. வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இவ்வளவு கொடுத்து மீட்கப்படுவது உண்மையில் அந்தப் பழைய வண்டிதானா என்ற கேள்வியும், கொலைத்தொழிலுக்கெனப் பிறந்த ஒரு பொருளில் மனிதன் இன்பம் காண்பது தகுமா என்ற கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கின்றன.

ஜீப்பின் தரைத்தகட்டுக்கு அடியில், உடற்பகுதியைத் தாங்குவதற்காகத் தொப்பி வடிவில் வளைத்த எஃகுச் சட்டங்கள் உண்டு. வலுவுக்காக அவற்றின் உட்குழிவில் மரக்கட்டையைச் செருகியிருந்தனர். அந்த மரம் ஈரத்தை உறிஞ்சித் தேக்கிக்கொள்வதால், வெளியே வண்ணம் குலையாமல் இருக்கும்போதே உள்ளிருந்து துரு அரித்துவிடுகிறது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே பெட்ரோல் தொட்டி அமரும் பள்ளமும் இவ்வாறே இற்றுப்போகும். வெட்டி ஒட்டிச் சலித்தவர்கள் இறுதியில் உடற்பகுதி முழுவதையும் கழற்றிவிட்டு, பழைய அளவுப்படி இக்காலத்தில் செய்யப்பட்ட புதிய உடலை வாங்கிப் பொருத்துவதுண்டு. இன்னொரு புறம், ஃபோர்டு நிறுவனம் தான் செய்த உதிரிகள் பலவற்றிலும், போல்ட்டுத் தலைகளிலும்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டுகளுக்காகப் பழைய உதிரிச் சந்தைகளில் அலைவோர் இருக்கின்றனர். எழுத்தில்லாத போல்ட்டும் அதே இறுக்கத்தைத் தரும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. உடல் முழுவதையும் மாற்ற ஒப்புகிற அதே மனம் ஒரு போல்ட்டை மாற்ற மறுக்கிறது என்பதிலிருந்தே, பொருளின் அடையாளம் எதில் இருக்கிறது என்ற சிக்கல் தொடங்குகிறது.

மேலைநாட்டு மெய்யியல் இச்சிக்கலைத் தீசியஸின் கப்பல் என்ற பெயரால் அறியும். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்று ஏதென்ஸ் அறிஞர்கள் வாதிட்டதைப் புளூட்டார்க் பதிவுசெய்தார்; கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டே மற்றொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது உண்மையானது என்று 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். ஆயினும் ஜீப்புக்கு நெருக்கமான உரையாடல் பௌத்தத்தில்தான் இருக்கிறது. ‘மிலிந்த பஞ்ஹா’ என்ற பாலி நூலில், தேரில் வந்த இந்தோ–கிரேக்க அரசன் மெனாண்டரிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் என்ற துறவி வினவுகிறார். எதுவும் தேர் அன்று, இவை அனைத்தையும் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்று அரசனே சொல்லும்படி செய்துவிடுகிறார். நிலைத்த ‘தான்’ என்று ஒன்று மனிதனுக்குள்ளும் இல்லை என்ற அனாத்மக் கோட்பாட்டை விளக்க வந்த உவமை அது. இதன்படி ‘அசல் ஜீப்’ என்று தனித்த ஒன்று எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அடிச்சட்டத்து எண்ணிலும் இல்லை, ‘எஃப்’ பொறித்த போல்ட்டிலும் இல்லை. ஆனால் பெயர் எதைச் சார்ந்து வழங்குகிறதோ அந்தத் தொடர்ச்சி பொய்யன்று. உறுப்புகள் மாறினாலும், எங்கு, யாரால், எதற்காகப் பயன்பட்டது என்ற வரலாற்றின் இழை அறாதிருக்கும் வரை அது அந்த ஜீப்பே எனலாம். அந்த இழையை அழிக்கும் மீட்டமைப்பு, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வேறொரு வண்டியையே உண்டாக்குகிறது.

மீட்பவர் அடையும் இன்பத்தின் உயர்ந்த வடிவமும் இந்த இழையைத் தொடுவதில்தான் இருக்கிறது. போருக்குப் பின் உழவர்களிடமும் பணிமனைகளிடமும் கைமாறிய வண்டியின் முன்மூடியில் பச்சை, சாம்பல், சிவப்பு என்று பல பூச்சுகள் படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளை நீரில் நனைத்து, அழுத்தாமல், அடுக்கடுக்காகத் தேய்த்துக்கொண்டே போனால், ஒலிவப் பச்சையின் மேல் 20 என்று தொடங்கும் இராணுவப் பதிவெண் மங்கலாகத் தெரியத் தொடங்கும். ஒரு முறை கூடுதலாகத் தேய்த்தால் எண் போய்விடும். அந்த வேளையில் மீட்பவரின் ஆசை, அவசரம், தற்பெருமை எல்லாம் அடங்கி, கண்ணும் கையும் பொருளுக்கு முழுமையாகப் பணிந்துவிடுகின்றன. தியான நூல்கள் ஒருமுகப்பாடு என்று போற்றுவதற்கு இது மிக அருகில் வருகிறது. செலவிட்ட பணத்துக்கு ஈடு என்று ஒன்று உண்டென்றால் அது இதுவே.

எனினும் இன்பம் கூர்மையானது என்பதாலேயே அது குற்றமற்றதாகிவிடாது. இல்லறத்தார் மேற்கொள்ளத் தகாத ஐந்து வணிகங்களைப் புத்தர் கூறியதாக அங்குத்தர நிகாயம் என்ற தொகுப்பு பதிவுசெய்கிறது. அவற்றுள் முதலாவது ஆயுத வணிகம். பழைய ஜீப் இன்று யாரையும் கொல்லாது, ஆகவே இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது என்று விடை கூறுவது எளிது. அது போதாது. ஜீப் இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்தது. அதே வண்டி தூக்குப் படுக்கைகளில் காயமுற்றோரையும் சுமந்தது. போர்க்களத்துக் குருமார் அதன் முன்மூடியையே பலிபீடமாகக் கொண்டு திருப்பலி நிறைவேற்றினர். இம்மூன்றையும் சேர்த்து நினைவில் நிறுத்துகிற இன்பத்தில் இழுக்கில்லை. முதலாவதை மட்டும் பெருமிதத்தோடு எடுத்துக்கொண்டு, போலித் துப்பாக்கியைப் பொருத்தி, ஊர்வலத்தில் குழந்தைகளை அதன் பின்னால் நிறுத்திப் படமெடுப்பது, மாண்டவர்களின் துயரை விளையாட்டாக்குவதாகும். அதை ஏற்க இயலாது.

இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள ‘டைகர் 131’ என்ற ஜெர்மன் டாங்கி இவ்வகையில் நல்ல முன்மாதிரி. 1943 ஏப்ரலில் துனிசியாவில், குண்டு பட்டுப் பீரங்கிக் கூண்டு சுழலாமல் இறுகிப்போகவே, அதன் படையினர் அதைக் கைவிட்டனர். பிரித்தானியப் படை கைப்பற்றியது. நீண்ட உழைப்புக்குப் பின் அது மீண்டும் ஓடும் நிலைக்கு வந்தது. ஆனால் குண்டு பட்ட வடுக்களை யாரும் நிரப்பி மழுப்பவில்லை. இன்றும் அவற்றைக் காணலாம்.

சொந்தக் கொட்டிலில் ஒற்றை ஜீப்பை மீட்பவரும் இந்த அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும். பழைய பூச்சின் ஒரு சிறு பகுதியையாவது தேய்க்காமல் விட்டுவைக்கட்டும். எந்த உறுப்பு பழையது, எது புதியது என்று எழுதி வண்டியோடு அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். தகட்டில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தால் அதை அடைக்காமல் இருக்கட்டும்.