முன்பாக்கி

கம்ப்யூட்டர் கேம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பக்கத்தைப் புரட்ட விரல் போகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இதில் துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது. இருப்பது ஒரு பழைய கடன். கடன் என்றால் கோயமுத்தூர்க்காரர்கள் நின்று கேட்பார்கள் என்ற தைரியத்தில் தொடர்கிறேன்.

1999 டிசம்பரில் பிளாக் ஐல் என்ற அமெரிக்க ஸ்டூடியோ ‘பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்’ என்று ஒரு கேமை வெளியிட்டது. நாலு சி.டி. தலைமை வடிவமைப்பாளர் கிறிஸ் அவலோன். பேய், பிசாசு, மந்திரம், இருட்டு எல்லாம் உண்டு. சண்டைக் காட்சிகள் சுமார்தான். விளையாடுகிற நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்து படிக்க வேண்டும். மொத்தம் எட்டு லட்சம் வார்த்தைகள் என்கிறார்கள். அப்புறம் எப்படி ஓடும்? பெரிதாக விற்கவில்லை. ஆனால் விளையாடியவர்கள் இன்னும் மறக்கவில்லை. 2017இல் தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள்.

கதை இதுதான். பிணவறை மேடையில் ஒருவன் கண் விழிக்கிறான். உடம்பெல்லாம் தழும்பு. பெயர்கூட ஞாபகமில்லை. அவனுக்குச் சாவே கிடையாது. வெட்டினாலும் எழுந்துவிடுவான், பழைய நினைவுகள்தான் போய்விடும். இப்படி எத்தனையோ தடவை எழுந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளாக வாழ்ந்திருக்கிறான். முதுகில் தனக்குத்தானே பச்சை குத்தி வைத்த குறிப்புகளைப் படித்துத்தான் ஆரம்பிக்கவே வேண்டும்.

கேமில் செத்து எழுவது பெரிய விஷயமா என்பீர்கள். நம் அண்ணன்மார் கதையிலும் படுகளத்தில் விழுந்த பொன்னரையும் சங்கரையும் தங்காள் எழுப்புகிறாள். வீரப்பூர் மாசித் திருவிழாவில் இன்றைக்கும் படுகளம் விழுந்து எழுகிறார்கள். ஆனால் கதையில் எழுந்த அண்ணன்மார் தங்கிவிடுவதில்லை. தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த கேமிலும் அப்படித்தான். இவன் ஒவ்வொரு முறை எழும்போதும், எங்கோ சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் இவனுக்குப் பதிலாகச் சாகிறார். இது நமக்குத் தெரியவரும்போது பாதிக் கதை தாண்டியிருக்கும். அதுவரை எத்தனை தடவை அலட்சியமாகச் செத்தோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்போம்.

அதைவிட மோசம் டெயோனாரா. ஆவியாக அலையும் பெண். இவனை உயிருக்குயிராகக் காதலித்தவள். ஓரிடத்தில் ஒரு மந்திரக் கல்லைத் தொட்டால் பழைய சம்பவம் ஒன்று அப்படியே நமக்குள் ஓடுகிறது. அவள் உருகுவதும் தெரிகிறது, அவன் உள்ளே ஓடுவதும் தெரிகிறது. வாயில் கொஞ்சல், மனதுக்குள் கணக்கு. தன் காரியத்துக்கு அவள் சாக வேண்டும் என்று திட்டம் போட்டே காதலித்திருக்கிறான். கல்லிலிருந்து கையை எடுத்தபின் அந்த ‘அவன்’ யார்? நாம்தான். ஆனால் நாம் செய்யவில்லையே!

செய்ததாக ஞாபகம்கூட இல்லாத தப்புக்கு நான் பொறுப்பா?

பி.காம். படித்தவன் என்பதால் சட்டென்று பதில் சொல்லத் தோன்றுகிறது. 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, புதிதாகச் சேருகிற பங்குதாரர் தான் சேர்வதற்கு முந்தைய கடன்களுக்குப் பொறுப்பாளி இல்லை. அப்பா கடனை மகன் தீர்த்தே ஆக வேண்டும் என்ற பழைய தர்மக் கடமையையும், புதிதாக வாங்கும் கடன்களைப் பொறுத்தவரை 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி எடுத்துவிட்டார்கள். சட்டம் ரொம்பத் தெளிவு. சிலப்பதிகாரம் நேர் எதிர். கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். அதுதான் இந்தப் பிறவியில் வந்து விடிந்தது என்று மதுராபதித் தெய்வம் சொல்கிறது. யாரிடம்? கண்ணகியிடம். பாவம், கோவலனுக்குக் கடைசிவரை விஷயமே தெரியாது. எதற்கு என்று தெரியாமல் வாங்குகிற தண்டனையில் எனக்கு மரியாதை வரவில்லை.

கேம் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நம்மை நிறுத்துகிறது. செய்தி சொல்லியாயிற்று. கட்டாயப்படுத்த யாரும் இல்லை. என்ன செய்யப்போகிறாய்?

கற்பனைக் கதைதானே என்று விடலாம். அப்படியே காங்கேயம் பக்கம் வந்து ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். நொய்யலில் பாசனத்துக்கென்று 1992இல் கட்டியது. திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து தேங்கி, திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கும்பிட்டுக் கேட்கிற நிலைமைக்குப் போயிற்று. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு மாறினார்கள், பெரிய செலவு. இன்றைக்குப் பட்டறை நடத்தும் முப்பது வயதுப் பையன், “அதெல்லாம் எங்க காலத்துல நடந்ததில்லைங்க” என்றால் பொய்யில்லை. ஆனால் அவன் உட்கார்ந்திருக்கிற கட்டடம், படித்த படிப்பு, பாங்க்கில் இருக்கிற பேர் எல்லாம் அந்தக் காலத்தில் வந்ததுதான். லாபத்துக்கு மட்டும் முன்பாக்கி உண்டு, உப்புக்குக் கிடையாது என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சின்னது. சில இடங்களில் நாம் சொல்லவேண்டிய பதில் இரண்டு முறை எழுதியிருக்கும். வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாக்கியம். ஒன்றின் முன்னால் ‘உண்மை’ என்றிருக்கும், இன்னொன்றின் முன்னால் ‘பொய்’. எதிரே இருப்பவர் காதில் விழுவது ஒன்றுதான். வாக்குக் கொடுக்கிறோம் என்று வையுங்கள்: காப்பாற்றுகிற எண்ணத்தோடு கொடுக்கிறாயா, சும்மாவா என்று நம்மிடம் மட்டும் தனியாகக் கேட்கிறார்கள். அதற்கேற்ப நம் குணம் என்னவென்று உள்ளே எழுதிக்கொள்கிறார்கள். நம் ஊரில் மன்னிப்புக் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் இப்படி இரண்டு பட்டனை வைத்தால் எப்படியிருக்கும்!

கேமின் மையத்தில் ஒரு சூனியக்காரக் கிழவி, மனிதனின் சுபாவத்தை எது மாற்றும் என்று கேட்கிறாள். வருத்தம், காதல், சாவு என்று எது சொன்னாலும் சரி. அவளிடம் விடைத்தாள் இல்லை. உன் பதில் என்ன என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், கால் நூற்றாண்டு ஆயிற்று. இவன் கடைசியில் தன் சாவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அதோடு கணக்குத் தீரவில்லை. நரகத்தில் ஓயாமல் நடக்கும் போருக்குப் போய்ச் சேர்கிறான். கீழே கிடக்கிற ஆயுதம் ஒன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டு, யாரும் தள்ளாமலேயே உள்ளே நடக்கிறான்.

இப்போது செல்போனிலும் கிடைக்கிறது. எழுத்து பொடிசு, வெள்ளெழுத்துக்காரர்கள் கண்ணாடியோடு உட்காரவும்.